மேற்கை மேலே மாட்டியவர்

யாராவது வழி சொன்னால் அவர் திருப்பிக் கேட்கும் முதல் கேள்வி, "எங்க நின்னு சொல்றீக?" என்பதுதான். போடி பஸ் ஸ்டாண்டில் ஒரு கண்டக்டர், "வலது கைப் பக்கம் போங்கம்மா" என்று சொல்லிவிட்டு மாட்டிக்கொண்டதை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். "ஒங்க வலதா, என் வலதா? நீங்க என்னையப் பாத்துல்ல நிக்கிறீக" என்றார் அவர். கண்டக்டர் தன் கையை ஒருமுறை பார்த்தார். எதிரே நின்றவரைப் பார்த்தார். கடைசியில் பஸ்சை விட்டு இறங்கி, கூடவே நடந்து போய், தபாலாபீசைக் கைகாட்டிவிட்டுத் திரும்பி வந்தார். "இந்தம்மாவுக்கு வழி சொல்றதுக்குப் பதிலா தோள்ல தூக்கிட்டுப் போயி இறக்கிரலாம்" என்று என்னிடம் முணுமுணுத்தார்.

அந்த அம்மா ஒரு பள்ளிக்கூடத்து டீச்சர். பெயரை எழுதவில்லை. எழுதினாலும் அப்போது கூட இருந்தவர்களுக்கே அடையாளம் தெரியாது. எங்கள் எல்லோருக்கும் அவர் மேக்கு டீச்சர்.

இரண்டாம் உலகப் போரின்போது பிடுங்கிப்போன தண்டவாளத்தைத் திரும்பப் போட்டு, போடிக்கு மறுபடி ரயில் விட்டிருந்த சமயம் அது. பயிற்சி இல்லாத வாத்தியார்களை எல்லாம் கோடை விடுமுறையில் ஐந்து வாரம் போடிக்கு வரச் சொல்லி உத்தரவு வந்தது. முகாம் முடிவில் ஒரு மாதிரிப் பாடம் நடத்திக் காட்ட வேண்டும். அதில் தேறியவர்களுக்குச் சான்றிதழ், நிரந்தர வேலை. தேறாதவர்களுக்கு வேலை இல்லை. ஒரே வாத்தியார் உள்ள பள்ளியாக இருந்தால், அந்தப் பள்ளியும் இல்லை.

எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. எட்டாம் வகுப்பு பாஸ். அதற்கு முன் கம்பத்தில் மூட்டை தூக்கினேன். மதுரையில் ஒரு சாப்பாட்டுக் கடையில் இலை எடுத்தேன். ஒரு வருஷம் எங்கே இருந்தேன் என்று எனக்கே சரியாக நினைவில்லை. குரங்கணிக்கு மேலே ஓர் ஏலத்தோட்டத்தில் களை வெட்டப் போன இடத்தில், அங்கிருந்த பள்ளிக்கூடத்து வாத்தியார் மலைக்காய்ச்சல் தாங்காமல் சொல்லாமல் கொள்ளாமல் இறங்கிப் போய்விட்டார். எட்டாவது படித்தவன் கூட்டத்தில் நான் ஒருவன்தான். களைக்கொத்தை வாங்கி வைத்துக்கொண்டு சாக்குக்கட்டியைக் கொடுத்தார்கள். அவ்வளவுதான் என் தகுதி.

டீச்சரின் பள்ளி என்னுடையதற்கும் மேலே, ஒன்றரை மணி நேர ஏற்றத்தில் இருந்தது. அவரும் எட்டாவதுதான். முப்பது வயதிருக்கும். கணவர் அங்கிருந்த ஏலத்தோட்டத்தில் கணக்கப்பிள்ளையாக இருந்து காய்ச்சலில் இறந்துபோனவர். அவர் இறந்ததும் தோட்டத்துக்காரர்கள் வீட்டைக் காலி செய்யச் சொல்லியிருக்கிறார்கள். "பள்ளிக்கூடம்னு ஒண்ணு வையுங்க, நான் சொல்லித் தர்றேன், வீடு என்கிட்டயே இருக்கட்டும்" என்று கேட்டு வாங்கியிருக்கிறார். இதை அவர் என்னிடம் சொன்னபோது அவர் குரலில் இரக்கத்தை எதிர்பார்க்கும் தொனி ஒரு துளியும் இல்லை. அட்டை கடித்த தழும்புகள் கணுக்காலில் இருந்து முழங்கால் வரை இருந்ததைப் பற்றிச் சொன்ன மாதிரியேதான் இதையும் சொன்னார்.

முகாம் ஒரு பள்ளிக்கூடத்தில் நடந்தது. மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளின் பெஞ்சுகளில் நாங்கள் முழங்காலை மடக்கிக்கொண்டு உட்கார்ந்தோம். எங்களுக்குக் கற்பிக்கும் முறையைக் கற்பிக்க மதுரைப் பக்கத்தில் இருந்து ஒருவர் வந்திருந்தார். மெத்தடு மாஸ்டர் என்று பெயர். சலவை மடிப்புக் கலையாத சட்டை, அச்சடித்த மாதிரிக் கையெழுத்து. கெட்டவர் அல்ல. வியர்வையில் நனைந்துகொண்டே காலை முதல் மாலை வரை நின்று பேசுவார், ஒருநாளும் தாமதமாக வந்ததில்லை. அவருக்கு இருந்த ஒரே நோய், எல்லாம் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்பது.

முதல் நாள் வருகைப் பதிவு எடுத்தார். பிள்ளைகள் சொல்வது மாதிரியே நாங்களும் சொல்ல வேண்டும் என்றார். நரைத்த மீசையோடு ஆள்கள் எழுந்து நின்று, "உள்ளேன் ஐயா" என்றார்கள். நானும் சொன்னேன். டீச்சர் முறை வந்தது. எழுந்து, "வந்துருக்கேன் சார்" என்றார்.

"உள்ளேன் ஐயா என்று சொல்ல வேண்டும்."

"அது புள்ளைக சொல்றது. நான் மலையில இருந்து மூணு மணி நேரம் நடந்து இறங்கி, வண்டி பிடிச்சு வந்துருக்கேன். வந்துருக்கேன்னுதான சொல்லணும்?"

எங்கள் பெஞ்சில் சிலமலை வாத்தியார் என்று ஒருவர் இருந்தார். சொந்த நிலம் நீச்சு உள்ளவர், வயதில் மூத்தவர், எதற்கும் சிரிப்பவர். அவர் என் தொடையில் கிள்ளி, "மாப்ளே, அஞ்சு வாரம் பொழுது போயிரும்யா" என்றார்.

மூன்றாம் நாளோ நான்காம் நாளோ மாஸ்டர் ஓர் உபதேசம் செய்தார். நல்ல ஆசிரியர் என்பவர் தன் உயரத்திலேயே நின்றுவிடக் கூடாது, மாணவன் நிலைக்கு இறங்கி வர வேண்டும் என்றார். எல்லோரும் குறித்துக்கொண்டோம். டீச்சர் எழுந்தார்.

"எங்க புள்ளைக மேல இருக்காக சார். நான் ஏறித்தான போகணும்?"

சிரிப்பு அடங்கக் கொஞ்ச நேரம் ஆனது. அவர் சிரிக்கவில்லை. அவர் வேடிக்கைக்குக் கேட்கவில்லை என்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது. பேசுகிறவர் எங்கே நிற்கிறார், கேட்கிறவர் எங்கே நிற்கிறார் என்று தெரியாமல் அவரால் ஒரு வாக்கியத்தைக்கூட எடுத்துக்கொள்ள முடியாது. அது அவருக்கு ஒரு பிடிவாதம், ஒரு நோய், ஒரு நேர்மை. எந்தப் பெயரும் முழுக்கப் பொருந்தவில்லை.

இரண்டாம் வாரம் பூகோளம் வந்தது. ஒவ்வொருவரும் மதுரை ஜில்லா வரைபடத்தை மாட்டிப் பாடம் நடத்திப் பழக வேண்டும். விடுமுறைக் காலம் ஆனதால் பிள்ளைகள் இல்லை. பக்கத்துத் தெருக்களில் இருந்து ஆளுக்கு ஒரு கை பொரிகடலை கொடுத்து இருபது பேரைப் பிடித்து வந்து உட்கார வைத்திருந்தார்கள். டீச்சர் படத்தை எடுத்துக்கொண்டு போனார். ஆணியைப் பார்த்தார். பிறகு, படத்தின் பக்கவாட்டில் இரண்டு துளை போட்டுக் கயிறு கோத்து, அதைச் சாய்த்து மாட்டினார். மேற்குப் பக்கம் மேலே போய்விட்டது. கிழக்கு கீழே தொங்கியது. எழுத்துகள் எல்லாம் படுத்துக் கிடந்தன.

மாஸ்டர் எழுந்து போய், ஒன்றும் சொல்லாமல், நேராக மாட்டினார். டீச்சர் அவர் உட்காரும் வரை காத்திருந்து, ஒன்றும் சொல்லாமல், திரும்பச் சாய்த்தார்.

"வரைபடத்தில் மேலே இருப்பது வடக்கு. இதுகூடத் தெரியாதா உங்களுக்கு?"

"புஸ்தகத்துல வடக்கு சார். எங்க மலையில மேல இருக்கது மேக்கு."

எங்கள் பக்கத்து ஆள்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மேக்க போறேன் என்றால் மலை ஏறுகிறேன் என்று பொருள். கிழக்க போறேன் என்றால் இறங்குகிறேன் என்று பொருள். மேடும் மேற்கும் ஒரே வாயில் இருந்து ஒன்றாகப் பிறந்த சொற்கள். ஆறு மேற்கே இருந்து கிழக்கே, அதாவது மேலே இருந்து கீழே வரும். வேறெப்படி வரும்? மாஸ்டர் வளர்ந்த ஊரில் நிலம் தட்டு மாதிரி இருந்திருக்கும். அங்கே மேல் வேறு, மேற்கு வேறு.

"உலகம் முழுக்க வடக்கைத்தான் மேலே வைக்கிறார்கள் அம்மா."

"உலகம் முழுக்க என் பள்ளிக்கூடத்துல படிக்கலையே சார். நேரா மாட்டுனா வைகை ஆத்தைப் பாத்துட்டு எங்க புள்ளைக என்ன கேட்டுச்சுக தெரியுமா? 'டீச்சரே, தண்ணி எப்படி மலை ஏறுது'ன்னு. படத்துல வருசநாட்டுல இருந்து மேல போயி அப்பறம் குறுக்க ஓடுது. எந்தத் தண்ணி சார் அப்படி ஓடும்?"

மாஸ்டர் தன் அறிவை எல்லாம் திரட்டி ஒரு கேள்வி கேட்டார். "சரி. மலை உச்சியைத் தாண்டி அந்தப் பக்கம் இறங்கினால், மேடு கிழக்கே இருக்கும். அங்கே என்ன செய்வீர்கள்?"

"அங்க எனக்குப் பள்ளிக்கூடம் குடுத்தா, கிழக்கை மேல மாட்டுவேன் சார்."

அன்று முதல் அவர் மேக்கு டீச்சர். மாஸ்டர் தன் நோட்டில் எதையோ எழுதி, இரண்டு முறை அடிக்கோடு போட்டார்.

எனக்கு அவரிடம் முதலில் எரிச்சல்தான் வந்தது. நான் கிடைத்ததைப் பிடித்துக்கொண்டு பிழைத்தவன். உள்ளேன் என்று சொல்லச் சொன்னால் உள்ளேன். படுத்துக்கொள் என்றால் படுத்துக்கொள்வேன். ஐந்து வாரம் தலையாட்டினால் ஒரு கூரையும் ஒரு வேலையும் கிடைக்கும் என்றால் அதில் என்ன குறைந்து போகிறது? ஒரு மத்தியானம் முகாமின் பின்பக்கம் தட்டுக் கழுவிக்கொண்டிருந்தபோது இதையே அவரிடம் கேட்டேன். சிலமலை வாத்தியாரும் பக்கத்தில் இருந்தார்.

"டீச்சர், பரீட்சை அன்னைக்கு ஒருநாள் மட்டும் நேரா மாட்டிருங்க. சான்றிதழைக் கையில வாங்குங்க. மலைக்குப் போயி குப்புறக்கூட மாட்டிக்கங்க. யாரு வந்து பாக்கப் போறா?"

"தம்பி சொல்றது நல்ல ரோசனை ஆத்தா" என்றார் சிலமலை வாத்தியார். "நானெல்லாம் பொண்டாட்டிகிட்ட முப்பது வருசமா நேராத்தான் மாட்டிக்கிட்டு இருக்கேன்."

டீச்சர் தட்டைக் கவிழ்த்து வைத்தார்.

"நேரா மாட்டித்தான் அண்ணே ஆரம்பிச்சேன். மொத வருசம். புஸ்தகத்துல போட்டிருந்துச்சு, மேல வடக்குன்னு. அதையே சொல்லித் தந்தேன். புள்ளைகளும் பாட்டாப் படிச்சுச்சுக. கார்த்திகை மாசம் ஒருநாள் மூடுபனி எறங்கிருச்சு. கை நீட்டுனா விரல் தெரியலை. ஒரு சின்னப்புள்ளை, எட்டு வயசு, தோட்டத்துல மாட்டிக்கிருச்சு. ஏலக்காய் உலத்துற ஸ்டோரு பக்கம் இருந்து ஆளுக சத்தம் குடுத்துருக்காக. 'வடக்க வா, வடக்க வா'ன்னு. அது என்ன பண்ணுச்சு? மேல ஏறிருச்சு. நான்தான சொல்லிக் குடுத்தேன், வடக்குன்னா மேலன்னு."

"புள்ளை கெடச்சுச்சா?" என்றார் சிலமலை வாத்தியார்.

"உச்சியைத் தாண்டி அங்கிட்டு எறங்கி, மூணாம் நாளு மலையாளத்துக்காரவுக தூக்கிட்டு வந்தாக. உசுரு இருந்துச்சு. ஒரு மாசம் பேச்சு வரலை. அதுக்கப்பறம் அவ ஆத்தா பள்ளிக்கூடத்துக்கு அனுப்பலை. அனுப்பாததுல ஒரு தப்பும் இல்ல."

பிறகு, "நாலாப்பு வந்த பெறகு படத்தை நேராத் திருப்பி மாட்டுவேன். அதுக்குள்ள அதுகளுக்குத் தெசை கால்ல ஏறிரும். அதுக்கு முன்னால மாட்டேன். ஒருநாளைக்குக்கூட மாட்டேன்" என்று சொல்லிவிட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு போனார்.

சிலமலை வாத்தியார் அன்று முழுக்க யாரையும் கிண்டல் செய்யவில்லை.

ஐந்தாம் வாரம் பரீட்சை. வெளியூரில் இருந்து ஓர் இன்ஸ்பெக்டர் வந்தார். பெரிய உடம்பு, நல்ல சிரிப்பு, கையில் விசிறி. என் பாடம் காலையில் முடிந்துவிட்டது. படத்தை நேராக மாட்டினேன். வடக்கு எங்கே என்றேன். பிள்ளைகள் மேலே கையைக் காட்டின. பொரிகடலைப் பிள்ளைகளுக்கு ஐந்து வாரத்தில் எல்லாப் பாடமும் மனப்பாடம். மாஸ்டர் தலையசைத்தார். நான் தேறிவிட்டேன்.

டீச்சரின் முறை மத்தியானம். அவர் வகுப்புக்குள் வரவில்லை. வாசலில் நின்று, "எம் புள்ளைகளைக் கொண்டாந்துருக்கேன் சார். வெளிய வாங்க" என்றார்.

போய்ப் பார்த்தால், முற்றத்து வேப்பமரத்தடியில் பதினொரு பிள்ளைகள். முந்தின நாள் காலையில் மலையில் இருந்து இறங்கி, குரங்கணியில் தங்கி, பொழுது விடியும் முன் மாட்டுவண்டியில் ஏறி வந்திருக்கிறார்கள். சில முதல்முறையாகப் போடியைப் பார்க்கின்றன. ஒரு பெண் குழந்தை ரயில் கூவும் சத்தத்தைக் கேட்டு, "எந்தா டீச்சரே அது?" என்று மலையாளத்தில் கேட்டுக்கொண்டே இருந்தது.

மாஸ்டருக்கு முகம் கறுத்தது. இன்ஸ்பெக்டர், "நடத்தட்டும் சார், நடத்தட்டும்" என்றார்.

டீச்சர் படத்தைத் தரையில் விரித்தார். மேற்கு ஓரம் மலையைப் பார்த்து இருந்தது. நான்கு மூலையிலும் கல் வைத்தார். பிள்ளைகள் அதன் கிழக்கு ஓரத்தில் மலையைப் பார்த்து நின்றன. நிமிர்ந்தால் எதிரே மலை, குனிந்தால் படத்தில் மலை. ஒரு குச்சியைக் கொடுத்தார். ஒரு பையன் தன் தோட்டம் இருக்கும் இடத்தைத் தொட்டான். அங்கிருந்து ஆற்றோடு குச்சியை இழுத்துக்கொண்டு போடிக்கு வந்தான். "இங்கன நிக்கோம்" என்றான். வடக்கு எங்கே என்று இன்ஸ்பெக்டர் கேட்டார். பதினொரு வலது கைகள் நீண்டன. உண்மையான வடக்கைப் பார்த்து.

இன்ஸ்பெக்டர் என் காலை நேரத்துப் பிள்ளைகளைக் கூப்பிட்டார். பொரிகடலைப் பிள்ளைகள் ஓடி வந்து வரிசையாக நின்றன.

"வடக்கு எங்கே?"

இருபது கைகளும் வானத்தைக் காட்டின.

அவர் விசிறியை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தார். நான் கீழே பார்த்துக்கொண்டேன்.

மாஸ்டர் விடவில்லை. தரையில் கிடந்த படத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய் நேராக மாட்டினார். மலைப் பிள்ளைகளை எதிரே நிற்க வைத்தார். "பரீட்சையில் இப்படித்தான் இருக்கும். இதைப் பார்த்துச் சொல்லுங்கள். கொடைக்கானல் நம் ஊருக்கு எந்தப் பக்கம்?"

பிள்ளைகள் படத்தைப் பார்த்தன. பிறகு, யாரும் சொல்லாமல், பதினொன்றும் ஒரே நேரத்தில் தலையை இடது தோளில் சாய்த்தன. காது தோளில் படும் அளவுக்குச் சாய்த்து, அப்படியே நின்று, "வடக்குப் பக்கம்" என்றன. மதுரை? "கிழக்க." வைகை எங்கே திரும்புகிறது? அதையும் சொன்னார்கள். ஒன்றுகூடத் தப்பில்லை. கழுத்துதான் கோணல்.

எல்லோரும் இன்ஸ்பெக்டரைப் பார்த்தோம். அவர் மதிப்பெண் பாரத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு அதையே வெகுநேரம் பார்த்தார். அந்தப் பாரத்தை நான் பிறகு பார்த்தேன். ஆசிரியரின் குரல், உடை, நிற்கும் விதம், கரும்பலகை எழுத்து, உபகரணத்தை மாட்டும் முறை, எல்லாவற்றுக்கும் தனித்தனிக் கட்டம் இருந்தது. பிள்ளைகள் சொன்ன பதிலுக்குக் கட்டம் இல்லை.

"என்னம்மா செய்யிறது" என்றார் இன்ஸ்பெக்டர். "பாடம் நல்லாத்தான் இருக்கு. முறை இல்லையே. மாஸ்டர் கேட்கிற மாதிரி ஒருதடவை நேரா மாட்டி, 'இனி இப்படித்தான் செய்வேன்'னு ஒரு வரி எழுதிக் கொடுத்துருங்க. நான் போட்டுத் தர்றேன்."

"ஒரு வரியா சார்?"

"ஒரே வரி."

"அந்த ஒரு வரியை எந்தப் புள்ளைக்கு எழுதுறது சார்? இங்க பதினொண்ணு நிக்குது. யாருக்குன்னு கைகாட்டுங்க, எழுதுறேன்."

இன்ஸ்பெக்டர் பிள்ளைகளைப் பார்க்கவில்லை. விசிறிக்கொண்டார். டீச்சர் பிள்ளைகளை எண்ணிப் பார்த்து, வண்டிக்கு நேரமாகிவிட்டது என்று கூட்டிக்கொண்டு கிளம்பினார்.

முடிவுத் தாளில் அவர் பெயருக்கு எதிரே எழுதியிருந்த குறிப்பை, ஒட்டியிருந்த பலகையில் எல்லோரும் படித்தோம். 'தேறவில்லை. மாணவர்கள் தலையைச் சாய்த்து நிற்கும் தவறான பழக்கத்துக்கு ஆளாகியுள்ளனர்.' சிலமலை வாத்தியார் அதைச் சத்தமாக வாசித்துவிட்டு, தலையை இடது தோளில் சாய்த்துக்கொண்டு, "இப்ப சரியாத் தெரியுதுய்யா" என்றார். அன்று மாலை வரை எங்கள் பேட்ச்சில் பாதிப்பேர் கழுத்தைச் சாய்த்துக்கொண்டே நடந்தோம். மாஸ்டரிடம் போய்க் கேட்கத்தான் ஒருவருக்கும் கழுத்து நிமிரவில்லை. என்னையும் சேர்த்து.

பள்ளி திறந்து ஒரு மாதம் ஆகியிருக்கும். ஆடிச் சாரல். எனக்கு ஓர் உத்தரவு வந்தது. மேலே உள்ள பள்ளியின் அங்கீகாரம் ரத்தாகிவிட்டது. அருகில் உள்ள பயிற்சி பெற்ற ஆசிரியர் என்ற முறையில் நான் அங்கே சென்று, பதிவேடுகளைப் பெற்றுக்கொண்டு, கட்டடத்தைப் பூட்டிச் சாவியை அனுப்ப வேண்டும். மாணவர்களை என் பள்ளியில் சேர்த்துக்கொள்ளலாம். பூட்டு கொள்முதல் செய்துகொள்ளவும் என்று கடைசியில் ஒரு வரி.

ஒன்றரை மணி நேர ஏற்றத்தை, நடுவில் ஓடை பெருகும் மாதங்களில், ஆறு வயதுப் பிள்ளைகள் தினம் இறங்கி ஏற முடியாது என்று உத்தரவு எழுதியவருக்குத் தெரியாது. அவை பள்ளிக்கு வராது. காய் பறிக்கப் போகும். எனக்குத் தெரியும். தெரிந்துதான் போடிக்குப் போய்ப் பூட்டு வாங்கி வந்தேன். வேலை வேண்டுமே. மழை ஓய்ந்த ஒரு வெள்ளிக்கிழமை காலையில், காலில் புகையிலைத் தண்ணீர் தடவிக்கொண்டு ஏறினேன். அப்படியும் ஏழெட்டு அட்டை ஏறியிருந்தது.

மூங்கில் தட்டி அடைத்த ஒரு கொட்டகைதான் பள்ளி. உள்ளே பாடம் நடந்துகொண்டிருந்தது. டீச்சர் என்னைப் பார்த்தார், என் கையில் இருந்த காகிதத்தைப் பார்த்தார், இடுப்பு மடிப்பு புடைத்திருப்பதையும் பார்த்தார்.

"பூட்டு கொண்டாந்துருக்கீகளா தம்பி?"

"கொண்டாந்துருக்கேன் டீச்சர்."

"கனமாவா இருக்கு? ஏறி வர மூச்சு வாங்குதே. உக்காருங்க. சுக்குத்தண்ணி இருக்கு."

சம்பளம் நின்று ஒரு மாதம் ஆகியிருந்தது. காலையில் இரண்டு மணி நேரம் அவரும் காய் பறிக்கப் போகிறார் என்றும், பிள்ளைகளின் தாய்மார் ஆளுக்கொரு பிடி அரிசி போடுகிறார்கள் என்றும், கேட்டபோது சொன்னார். நான் குடித்துவிட்டு எழுந்து கதவைப் பார்த்தேன். தட்டிக் கதவு. பூட்டு மாட்ட நாதாங்கியே இல்லை.

"இதுல எப்படி டீச்சர் பூட்டுறது?"

"நாதாங்கி ஒண்ணு கெடக்கு. ஆணியும் இருக்கு. சுத்தியலும் தர்றேன். நான் குறுக்க நிக்க மாட்டேன். புள்ளைகளை வெளிய உக்கார வச்சுக்கிறேன்." சொன்னபடியே சுத்தியலை எடுத்து வந்து என் முன்னால் வைத்தார். "ஆனா அடிக்கிறது நீங்க. வெரசா அடிங்க, அடுத்த மழை வந்துரும்."

நான் சுத்தியலைத் தொடவில்லை. பிள்ளைகள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தன. போடியில் கழுத்தைச் சாய்த்துக்கொண்டு சிரித்தபடி நடந்தது நினைவுக்கு வந்தது. அப்போது எனக்கு ஒரு யோசனை வந்தது. என் வாழ்க்கையில் நான் தப்பித்ததெல்லாம் இந்த மாதிரி யோசனைகளால்தான்.

"டீச்சர், மூடுபனி, வழி தெரியலை, பள்ளிக்கூடத்தைக் கண்டுபிடிக்க முடியலைன்னு எழுதிர்றேன். எனக்கும் வேலை தங்கும். ஒங்களுக்கும் ஒரு ஆறு மாசம் ஓடும்."

அவருக்குக் கோபம் வந்து நான் பார்த்தது அந்த ஒருமுறைதான்.

"வழி தெரியலையா? இந்த மலையில, எம் பள்ளிக்கூடத்துக்கு, வழி தெரியலைன்னு எழுதுவீகளா? இங்கன இருக்க நாலு வயசுப் புள்ளைகூடக் கண்ணைக் கட்டிவிட்டா வந்து சேரும். வந்தீகள்ல?"

"வந்தேன்."

"அப்ப போனேன்னு எழுதுங்க, வாசிக்கிறவுக கீழ இருக்காக. பூட்டுனா பூட்டுனேன்னு எழுதுங்க. பூட்டலையா, பூட்டலைன்னு எழுதுங்க."

"ஏன் பூட்டலைன்னு கேப்பாங்களே."

"கேக்கட்டும். அவுகளையே ஏறி வந்து கேக்கச் சொல்லுங்க. யாரு வர்றான்னு பாப்போம்."

உத்தரவின் பின்பக்கத்தைத் திருப்பி, ஒரு பிள்ளையின் சிலேட்டை அடியில் வைத்துக்கொண்டு எழுதினேன். இரண்டே சொல். கையெழுத்தைக் கிறுக்கப் போனவனை, "தெளிவாப் போடுங்க" என்றார். முழுப் பெயரையும் தெளிவாக எழுதினேன்.

அந்தக் காகிதம் போடி போய்ச் சேர்ந்து பதினைந்து நாளில் எனக்கு வேலை போய்விட்டது. நான் மலையை விட்டு இறங்கும் வரையில் வேறு யாரும் பூட்டோடு மேலே ஏறியதாகக் கேள்விப்படவில்லை. அதற்குப் பிறகு எத்தனையோ ஊரில் எத்தனையோ வேலை பார்த்தாயிற்று. எத்தனையோ காகிதத்தில் கையெழுத்தும் போட்டாயிற்று.

அன்றைக்கு நான் எழுதி முடித்ததும் டீச்சர் காகிதத்தை வாங்கி, மை காய ஊதி, பிள்ளைகளுக்கு எதிரே உயர்த்திப் பிடித்தார்.

"எங்க, வாசிங்க பாப்போம்."

முன்வரிசையில் இருந்த ஒரு சிறுமி விரலை நீட்டி எழுத்துக் கூட்டினாள். "போ... னே... ன்."

"எல்லாரும்."

"போனேன்" என்றது வகுப்பு.

"அடுத்தது?"

"பூட்... ட... வில்... லை."

"சத்தமா."

"பூட்டவில்லை!" என்று கத்தினார்கள். தட்டி அதிர்ந்தது. பிறகு, அடியில் இருந்த என் பெயரையும் ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டி, ஒன்றையும் விடாமல் வாசித்தார்கள்.